யோசேப்பின் படகு புறப்பட்ட நேரம்

ஞானமலர் சிரித்துக்கொண்டே மின்கருவி திருத்தும் கடைக்குள் வந்ததைக் கண்டதும் அங்கே வேலை செய்யும் விதுர்ஷாவுக்கு மனம் குளிர்ந்துபோயிற்று. நாலு நாளைக்கு முன்னர் இதே பெண், சேறு காய்ந்த பெட்டியொன்றை மடியில் வைத்துக்கொண்டு இதே வாங்கில் இருந்தபோது, அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

பெட்டி அவளுடைய கணவன் யோசேப்பின் படகில் பூட்டியிருந்த ஜிபிஎஸ். சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பெரியகல்லாற்று வீட்டிலிருந்து இறங்கியவன் அவன். திரும்பி வரவில்லை; உடலும் கிடைக்கவில்லை. போர் முடிந்து, ஆமிக்காரர் முட்கம்பியை எடுத்த பிறகுதான் யாரோ கண்டல் காட்டுச் சேற்றிலிருந்து படகின் உடைசலையும் பெட்டியையும் இழுத்தெடுத்தார்கள். ஐந்து வருடமாகிவிட்டது.

பெட்டி செத்துவிட்டது. ஆனால் அதன் நினைவுச் சில்லு சாகவில்லை. விதுர்ஷா சும்மா விடுகிற ஆளா? அன்றைக்கே சில்லிலிருந்ததை முழுவதும் மடிக்கணினிக்கு ஏற்றி, எமுலேட்டரில் ஓடவிட்டாள். ஒரு கணினிக்குள் இன்னொரு கருவியின் மூளையை நடிக்க வைக்கும் மென்பொருள் அது. அப்படி உள்ளே ஓடும் மூளையை அந்தத் தொழிலில் விருந்தாளி என்பார்கள். திரை இல்லாததால் விருந்தாளி பாதியில் நின்றது. உடனே, ஓடும் மென்பொருளை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டிபகரைப் பூட்டி, நின்ற இடத்திலேயே அதன் நினைவை எட்டிப் பார்த்தாள். எஞ்சின் சாவியைத் திருப்பிய ஒவ்வொரு நேரமும் அங்கே பதிவாகியிருந்தது. கடைசிப் பதிவு, சுனாமி வந்த அதே இருபத்தாறாந் திகதி, பகல் பன்னிரண்டு ஐம்பது.

அலை அடித்ததோ காலை ஒன்பது மணிக்குக் கிட்ட. கேட்ட மாத்திரத்தில் ஞானமலர் விதுர்ஷாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இன்றைக்கு அவள் வந்தது கடிதத்துக்காக. கடையின் முதலாளி வினாயகமூர்த்தி முதல் நாள்தான் கொழும்பிலிருந்து திரும்பியிருந்தார். நிதானமான மனிதர், ஊரில் எந்தக் கடையும் கைவிட்ட பொருள் கடைசியில் அவர் மேசைக்குத்தான் வரும்.

"அலைக்குப் பிறகும் அவரு எஞ்சின் ஸ்டார்ட் பண்ணியிருக்காரு, அண்ணன். நீரோட்டம் வாகரைப் பக்கம் கொண்டுபோயிருக்கும். அங்கால சண்டைக்குள்ள மாட்டி இப்ப வவுனியா அகதி முகாமில இருக்காரோ என்னமோ. அந்த நேரத்தை எழுதி ஒரு கடிதம் தாங்க. நாளைக்குப் போறன்."

பிறகு வாசற்பக்கம் திரும்பினாள். அங்கே அவளுடைய தம்பி றெஜி உள்ளே வராமல் நின்றான். "இவன் ஒன்பது மணிக்கு ஆத்து முகத்துவாரத்தில அலை அவரை மூடினதைக் கண்ணால கண்டனெண்டு என்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினவன். அஞ்சு வருஷம் எனக்கு வெள்ளைச் சீலை உடுத்த வச்சவன். பொய்யன்!"

விதுர்ஷாவுக்கு றெஜிமேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு மணித்தியாலம் இருங்க, தங்கச்சி," என்றார் வினாயகமூர்த்தி. "புள்ள, நீ எடுத்த பதிவெல்லாம் கொண்டா."

உள்ளறையில் விதுர்ஷா தாளை நீட்டினாள். ஏழு பதிவுகள்.

"இவ்வளவுதானா?"

"முப்பத்திரண்டு இருந்த, அண்ணன். இருபத்தஞ்சு பழுது. பெட்டி நேரத்தை நடுச்சாமத்திலிருந்து நிமிஷக் கணக்கில எழுதுது. மூவாயிரத்து ஐந்நூத்து எண்பத்தஞ்சாம் நிமிஷம் எண்டெல்லாம் காட்டுது. ஒரு நாளைக்கு ஆயிரத்து நானூத்து நாப்பது நிமிஷந்தானே? உப்புத் தண்ணி திண்டிட்டு எண்டு விட்டுட்டன்."

"படகின்ட பேரு, நம்பர், திகதி?"

"அதெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு."

"உப்புத் தண்ணிக்குப் பேரை விட்டுட்டு நிமிஷத்தை மட்டும் தின்னத் தெரியுமா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிச்ச ஏழையும் பாரு. பகல் பன்னிரண்டு நாப்பத்தொன்பது, பின்னேரம் அஞ்சு அஞ்சு, ராவு ஒன்பது இருபத்தொண்டு. ஆழ்கடலுக்குப் போற மனிசன் கருக்கலில போறவனில்லையா? ஒரு விடியக்காலைகூட ஒழுங்காக் காணல்லையே. ஒரு வேலை செய். நாள் எப்ப முடியுதெண்டு தெரியிறதுக்கு அந்தப் பெட்டி தனக்குள்ள ஒரு எண்ணை வச்சிருக்கும். அதைத் தேடி எடு."

தேடுவதற்கு இருபது நிமிடம் பிடித்தது. டிபகர் காட்டிய எண்ணை விதுர்ஷா இரண்டு தரம் வாசித்தாள். நாற்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து.

"இது பழுதாகேலாது, அண்ணன். பழுதெண்டா எமுலேட்டரில பெட்டி ஓடியே இருக்காது."

"அப்ப?"

அவள் அந்த எண்ணின் இரண்டு பைட்டையும், அதாவது கணினி அதை வைத்திருக்கும் இரண்டு பங்கையும், தாளில் எழுதி, இடம் மாற்றிப் பார்த்தாள். ஆயிரத்து நானூற்று நாற்பது. அப்பழுக்கில்லாமல் வந்தது.

"பெட்டி பெரிய பங்கை முதல்ல வைக்குது," என்றாள். "இந்த மடிக்கணினி சின்னப் பங்கை முதல்ல வைக்கிறது. எமுலேட்டர் சரியாத்தான் ஓட்டியிருக்கு. உள்ள இருக்கிற விருந்தாளி ஆரெண்டு டிபகருக்கு நான் சொல்லல்ல. அது தன்ட வழக்கத்தில வாசிச்சிட்டு."

"நெல்லளக்கிற கணக்கில சொன்னா, அது ரெண்டு மரைக்கால் மூண்டு கொத்து எண்டு எழுதினதை, நாம மூண்டு மரைக்கால் ரெண்டு கொத்து எண்டு வாசிச்சிட்டம். பேருக்கும் திகதிக்கும் ஒவ்வொரு எழுத்துக்கு ஒவ்வொரு பைட். அதில புரட்ட ஒண்டுமில்ல," என்றார் வினாயகமூர்த்தி.

டிபகருக்கு வரிசையைச் சொல்லிக்கொடுத்து மறுபடி வாசித்தாள். பழுதென்று எறிந்த இருபத்தைந்தும் உயிர்பெற்று எழுந்தன; மிச்ச ஏழின் நேரமும் மாறியது. நாலு முப்பது, நாலு நாற்பது, நாலு பத்தொன்பது. முப்பத்தொரு நாளும் கருக்கல்தான். கடைசிப் பதிவு மட்டும் வேறு. காலை எட்டு முப்பத்தைந்து.

பெற்றவள்கூட விதுர்ஷாவை அப்படி வாழ்த்தியதில்லை. இந்த நாலு நாளும் ஞானமலர் வாழ்த்தினாள். விதுர்ஷா மேசையில் முகத்தை வைத்து அழுதாள். வினாயகமூர்த்தி அவளைத் தேற்றவில்லை. அழுது முடியும் வரைக்கும் பக்கத்தில் இருந்தார்.

பிறகு அக்காவையும் தம்பியையும் உள்ளே கூப்பிட்டார். ஒவ்வொன்றாக, தாளைக் காட்டி, எதையும் மழுப்பாமல் சொன்னார். ஞானமலரின் முகத்திலிருந்த சிரிப்பு போன விதத்தை விதுர்ஷாவால் பார்க்க முடியவில்லை.

"அப்ப இவன் சொன்னது உண்மையா?"

"கண்டது உண்மை, தங்கச்சி. முழுக்கச் சொல்லல்ல." அவர் றெஜியைப் பார்த்தார். "தம்பி, அண்டைக்கு ஞாயிறு. உங்கட ஆக்கள் ஞாயிறு தொழிலுக்குப் போறல்ல. அவரு பூசைக்கெண்டு போனவரு, பூசை நேரத்தில எஞ்சின் ஸ்டார்ட் பண்ணியிருக்காரு. முப்பத்தொரு நாள் கருக்கலில போன மனிசன் அண்டைக்கு மட்டும் எட்டு முப்பத்தஞ்சுக்குப் போனது மீனுக்கில்ல. அவரு முகத்துவாரத்தில மூடுப்பட்டதை நீ கண்டிருக்காய். கரையில நிண்ட எல்லாரையும் அலை அள்ளிட்டு, உன்னை அள்ளல்ல. நீ எங்க நிண்டாய்?"

றெஜி சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டான்.

"கடலில," என்றான். "நத்தாருக்கு முதல் நாள் போட்ட வலை, அக்கா. ரெண்டு நாளாக் கிடந்தது. எல்லாரும் பூசையில நிக்கக்குள்ள களவாப் போய் எடுத்திட்டு வரலாமெண்டு தோணியில போனன். அத்தான் கோயிலில என்னையும் காணல்ல, கரையில தோணியையும் காணல்ல. ஃபாதர் அறிய முதல் என்னைக் கூட்டிக்கொண்டு வரத்தான் படகை எடுத்தவரு. முகத்துவாரம் தாண்டக்குள்ள என்னைக் கண்டு கை காட்டினவரு. எனக்குத் தோணி தூக்கிப் போட்டமாதிரி இருந்தது, அவ்வளவுதான். திரும்பிப் பாக்கிறன், அலை அவரை..."

"ஏன்டா சொல்லல்ல?"

"எப்பிடியக்கா சொல்லுவன்? எனக்காகத்தான் வந்தவரெண்டு உன்ட முகத்தைப் பாத்து எப்பிடிச் சொல்லுவன்? பொய்யனெண்டு நீ ஏசினது இந்த நாலு நாள்தான். அது எனக்கு லேசாத்தான் இருந்தது."

ஞானமலர் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தலையில் போய் நின்றுவிட்டது. தம்பியின் தலைமயிரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் வைத்த ஒப்பாரிக்குத் தெருவில் போனவர்கள் கடை வாசலில் கூடிவிட்டார்கள்.

வெகுநேரம் கழித்து, முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"கடிதம் வேணாம், அண்ணன். புள்ள, நீ என்னோட வா."

"எங்கயக்கா?"

"வீட்ட. மகள் ஜெனிற்றாட்ட, அப்பா உசிரோட இருக்காரு, கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிட்டன். நாலு வயசில தகப்பனைத் துலைச்ச புள்ள. அவளுக்கு ரெண்டாந்தரமும் செத்துட்டாரு எண்டு சொல்ல என்ட வாய்க்கு ஏலாது. நீதானே சொன்னாய். நீயே வந்து சொல்லு."

அதில் ஒரு துளி கோபமும் இல்லை. திட்டியிருந்தால் விதுர்ஷாவுக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் வினாயகமூர்த்தியைப் பார்த்தாள். "போயிட்டு வா," என்றார் அவர்.

பெரியகல்லாற்றுக்கு மூவரும் பஸ்ஸில் போனார்கள். வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் முனையில் றெஜி நின்றுவிட்டான்; அதற்கப்பால் அவனுக்குக் கால் வரவில்லை.

ஜெனிற்றா வேலிப் படலையில் நின்றாள். ஒன்பது வயது. தலையை இழுத்துப் பின்னி, பள்ளிச் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் வைத்திருந்தாள். முகாமுக்குத் தானும் போக வேண்டுமென்று காலையிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். தாயின் வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு விதுர்ஷாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதானா கம்பியூட்டர் அக்கா?"

விதுர்ஷா மணலில் முழங்காலிட்டாள்.

"செல்லம், அக்கா பிழை விட்டுட்டன். நேரத்தைப் பிழையா வாசிச்சிட்டன். அப்பா அண்டைக்குக் காலையிலேயே, அந்த அலையிலேயே போயிட்டாரு. அவரு வரமாட்டாரு."

பிள்ளை அழவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தால் ரீச்சர் என்ன சொல்வாரோ அதையேதான் அவளும் சொன்னாள்.

"இன்னொருக்கா வடிவாப் பாருங்க, அக்கா."

"பாத்துட்டன், செல்லம்," என்றாள் விதுர்ஷா.