தொட்டி மூடியில் மாட்டிய மழைமானி

வெயில் மண்டையைப் பிளந்த மத்தியானத்தில், வெளியே மழை பெய்வதாக ஸ்டீவனின் செல்போன் சொன்னது. ஜன்னலைத் திறந்து பார்த்தான். அனல்மின் நிலையத்துப் புகையைத் தவிர வானத்தில் ஒன்றுமில்லை.

மழையையும் காற்றையும் அளந்து செல்போனுக்குச் சொல்லும் வானிலைக் கருவியை வீட்டு மாடியில் மாட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கைப்பிடிச் சுவரில் வைத்தால் பக்கத்து மாடி காற்றை மறைக்கும், ஏசி பெட்டிக்கு அருகில் வைத்தால் சூட்டைத் தப்பாகக் காட்டும் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் தேர்ந்தெடுத்தான். வீட்டிலேயே உயரமான இடம் அதுதான். பாதி திறந்து கிடந்த மூடியை இழுத்துப் பொருத்தி, அதில் கருவியின் கம்பத்தை முடுக்கி, காற்றில் பறக்காதபடி மூடியைத் தொட்டியோடு கம்பியால் கட்டிக்கொண்டிருந்தபோது, அடுத்த மாடியில் துணி காயப்போட்ட ஜோதிலட்சுமி குரல் கொடுத்தாள்.

“இன்னாபா ஸ்டீவா, உள்ள பூனக்குட்டி கத்துறாப்ல கீது. ஒரு தபா எட்டிப் பாத்துட்டு மூடேன்.”

“உங்க ஊட்டு சீரியல்ல அழுவுறாங்கக்கா. எனக்குக் கும்மிடிப்பூண்டி பஸ்ஸு போய்டும்.”

அவனுக்கும் கேட்டிருந்தது. எட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கம்பியை முறுக்கிவிட்டு ஷிப்ட்டுக்கு ஓடினான். அன்று சாயந்தரம் அவன் மனைவி ஷைனி மோட்டார் போட்டாள், தொட்டி நிரம்பியது.

இப்போது மாடிப்படி ஏறும்போதே அழுகல் வாடை தொண்டையில் ஒட்டியது. மழைமானியின் புனலில் பழுப்பாக, கோழையாக ஏதோ தேங்கியிருந்தது. தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. விரலை எடுத்தால் நூல் நூலாகக் கூடவே வந்தது. அதில் வெள்ளை மயிர். அது மேலிருந்து விழவில்லை. கீழிருந்து, கம்பத்தின் வழியே ஊறி ஏறிக்கொண்டிருந்தது.

காற்றே இல்லை. கருவியின் காற்றாடி சுழன்றது.

மூடிக்கு அடியில் நகம் பிறாண்டியது. மெதுவாக. விடாமல்.

ஆண்டவரே, உயிரோடு இருக்கட்டும்.

கம்பியைப் பிரித்தான். மூடியைத் தூக்கினான்.

உப்பிய சின்ன உடல். தோல் கழன்று, தண்ணீரெங்கும் மயிர். மூடியின் உட்புறம் முழுக்கக் கீறல்கள்.

பிறாண்டல் மட்டும் நிற்கவில்லை. இப்போது அது வீட்டுக்குள்ளிருந்து கேட்டது.

மூன்று நாளாக அந்தத் தண்ணீரில்தான் கஞ்சி.

ஓடினான். நான்கு வயது மகள் ஏஞ்சல் பாதிக் கஞ்சித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். நாக்கிலிருந்து ஈரமான வெள்ளை மயிர் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

“ஏஞ்சலு... துப்பும்மா. துப்பிடு.”

அவள் அழவில்லை. அவன் சட்டையைப் பிடித்து முகத்துக்கு நேராக இழுத்தாள்.

“ஒரு தபா எட்டிப் பாருப்பா.”

அகலத் திறந்த அந்தச் சின்ன வாய்க்குள், உள்நாக்குக்குப் பின்னால், ஈரமான பிஞ்சுப் பாதம் ஒன்று மேலே ஏறிவரப் பிடி தேடிப் பிறாண்டிக்கொண்டிருந்தது.