டயர் சத்தம்தான்

மதியம் மூன்று மணிக்குப் பட்டறை வாசலில் வந்து நின்ற வெள்ளை பிக்கப்பைப் பார்த்ததும் மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் கீழே விழுந்தது. அந்த வண்டி பழைய இரும்புக்குப் போயிருக்கும், இனி கண்ணில் படாது என்று எட்டு மாதமாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

ஓட்டி வந்தவள் அவருடைய நண்பனின் மனைவி. நண்பன் இந்த வண்டியில்தான் செத்துப்போனான். முன்சீட்டில் அவர்களுடைய நாலு வயது மகள் உட்கார்ந்திருந்தாள்.

"வேற இடத்துல குடுத்துச் சரி பண்ணேண்ணா. நர்சரிக்குச் செடி ஏத்த எனக்கு வேற வண்டி ஏது? ஆனா ஓட்டும்போது 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். ஒருத்தனுக்கும் கண்டுபிடிக்கத் தெரியல. உங்க காதுக்குத் தப்புமா?"

"மாமா!" என்று குழந்தை கையை நீட்டியது. அவர் அந்த முகத்தைப் பார்க்காமலே சாவியை வாங்கிக்கொண்டார்.

தனியாக ஓட்டிப் பார்த்தார். நாற்பதைத் தாண்டியதும் சத்தம் கிளம்பியது. நியூட்ரலில் போட்டார். இன்ஜின் இறங்கியது, சத்தம் இறங்கவில்லை. அப்படியென்றால் சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்றுதான். வலது பக்கம் வளைத்தால் கூடியது. இடது பக்கம் வளைத்தால் அடங்கியது.

இடது முன் சக்கரம்.

அன்றைக்கும் அதே சக்கரம்தான்.

எட்டு மாதத்துக்கு முன்பு நண்பன் இந்த வண்டியைக் கொண்டுவந்தபோது, இவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையை ஸ்பிரிங்கில் வைத்துப் பார்த்தார். ஸ்பிரிங் கிடுகிடுவென்று அதிர்ந்தது. சக்கரத்தைச் சுழலவிடுகிற பேரிங்கின் ஆயுசு முடிந்துவிட்டது என்று அந்தக் கைக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் கழற்றி மாட்ட மூன்று மணி நேரம் ஆகும். டிவியில் அன்று இறுதி ஆட்டம். கேவலம், அவ்வளவுதான் காரணம்.

"டயர் சத்தம்தான் மாப்ள. அடுத்த வாரம் பாத்துக்கலாம், ஓட்டு."

"நீ சொன்னா சரி மச்சான்," என்று சிரித்துக்கொண்டே போனான் அவன். மறுநாள் காலையில் வளைவில் பாலத்துச் சுவரில் மோதினான். மோதியதில் சக்கரம் பிய்ந்துவிட்டது என்று ஊரே பேசியது. பிய்ந்ததால்தான் மோதினான் என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் இழவு வீட்டில் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதார்.

பட்டறைக்குத் திரும்பி வண்டியைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பைப் பிரித்தார். பேரிங் புத்தம் புதியது. கிரீஸ்கூடக் கறுக்கவில்லை. ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் விடாமல் வேறொன்று மாற்றினார். டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தார்.

ம்ம்ம்.

திரும்பவும் தூக்கி, அந்தச் சக்கரத்தையே கழற்றிக் கீழே சாய்த்து வைத்தார். இன்ஜின் அணைந்திருந்தது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. பழக்கத்தில் கை தானாகப் போய் ஸ்பிரிங்கைத் தொட்டது.

அதிர்ந்தது.

சுற்றச் சக்கரமே இல்லாத வண்டி, அவர் உள்ளங்கையில் கிடுகிடுவென்று அதிர்ந்தது. ஆயில் நாற்றத்தை மீறி நண்பன் மேல் எப்போதும் வீசும் நர்சரியின் ஈர மண் வாசனை வந்தது. வியர்வை கண்ணில் இறங்கியும் கையை எடுக்க முடியவில்லை.

வெளியே பெஞ்சில் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவர் போறதுக்கு முதல் நாள் ராத்திரி இவளுக்குக் காய்ச்சல்ணா. என்னால முடியல, நீங்க தூக்கிக்கோங்கன்னு அவர்கிட்ட குடுத்துட்டு நான் படுத்துட்டேன். விடிய விடிய தோள்ல போட்டு நடந்தாரு. அவரைத் தூங்க விட்டிருந்தா ஓட்டும்போது கண் அசந்திருப்பாரா? நான்தாண்ணா கொன்னுட்டேன்."

சத்தம் ஏறியது. தகரக் கூரை நடுங்கியது. அவள் தலை நிமிரவே இல்லை, அவளுக்கு அது கேட்கவில்லை.

அவர் சக்கரக் குழிக்குள் தலையை விட்டுக் கிசுகிசுத்தார். "சொல்லிடறேன்டா. சத்தியமா அவகிட்ட சொல்லிடறேன்."

நின்றது.

சக்கரத்தை மாட்டி முடித்தபோது அவள் எழுந்து வந்தாள். "என்னண்ணா கோளாறு?"

வாய் வரைக்கும் வந்தது. எட்டு மாதமாகத் தன்னைத்தானே தின்றுகொண்டிருக்கிற அந்த முகத்தைப் பார்த்தார். நாலு வார்த்தை சொன்னால் அவள் இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் இனி ஜென்மத்துக்கும் இவரை அண்ணா என்று கூப்பிட மாட்டாள்.

"டயர் சத்தம்தாம்மா," என்றார்.

வண்டி சத்தமே இல்லாமல் தெருமுனையைத் திரும்பிப் போனது. அவர் சோப்பைப் போட்டுப் போட்டுக் கை கழுவினார். இரண்டாம் முறையும் அதே பொய், அதே குடும்பத்திடம். தன்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அரை மணியில் போன் வந்தது.

"அண்ணா, சத்தம் சுத்தமா போயிடுச்சு."

"சரிம்மா."

"ஆனா பாப்பா தூக்கத்துல முனகிக்கிட்டே வர்றா. காய்ச்சல் இல்ல, தொட்டுப் பாத்துட்டேன். வண்டிய வலது பக்கம் திருப்பினா சத்தமா முனகுறா. இடது பக்கம் திருப்பினா அடங்கிடுறா. இப்ப ஓரமா நிறுத்திட்டேன், அப்பவும் விடல. இருங்க, அவ பக்கத்துல வெக்கிறேன், கேளுங்க."

ம்ம்ம்.

"அப்படியே அந்த டயர் சத்தம் மாதிரியே இருக்குல்லண்ணா?"

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது டயர் இல்லம்மா," என்றார். "அன்னிக்கும் டயர் இல்ல. அவன் தூங்கல. நீ ஒரு தப்பும் பண்ணல."

முனகல் நின்றது.

"என்னண்ணா சொல்றீங்க?" அவள் குரல் தள்ளியிருந்து கேட்டது.

மிகப் பக்கத்தில், போனிலேயே வாயை வைத்துக்கொண்டு, குழந்தையின் குரல் மெல்லச் சொன்னது.

"சொல்லு மச்சான்."