நல்ல தண்ணீர் ஊற்றிய நாள்

கிட்ட வாங்கோ பிள்ளையள், என் பக்கத்தில் இருங்கோ. சரவணை என்ற தீவு ஊரில் ஒரு மழை நாளில் இரண்டு மனங்கள் சந்தித்த கதை சொல்கிறேன்... கொஞ்சம் கண் கலங்கும், பரவாயில்லை.

கஜானி வீட்டு விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் ஒரு சோடி சிக்லிட் மீன். மடகஸ்காரில் அவை வாழ்ந்த ஏரி வற்றிப்போக, அந்த இனமே இப்போது சிலர் வீட்டுத் தொட்டிகளில்தான் மிச்சம். அன்றுதான் அவள் சோடி முதன்முதலாகக் கல்லில் முட்டையிட்டிருந்தது.

மழை கொட்டியது. வேலை முடிந்து அனலைதீவுப் படகைப் பிடிக்கப் போன தயாபரன் என்ற இளைஞன் மோட்டார் சைக்கிளோடு வாசலில் ஒதுங்கினான். பின்னால் வீட்டுக்கென நிரப்பிய ஒரு கான் குடிதண்ணீர்.

"நனையாதையும் தம்பி, உள்ள வாரும்," என்றார் கஜானியின் தாய் அன்னபூரணம்.

தலை துவட்டத் துவாயோடு வந்தாள் கஜானி. மழைத்துளி தொங்கும் இமைகளை அவன் நிமிர்த்த... அவள் துவாயை நீட்டவே மறந்து நின்றாள்.

"அது எனக்கோ, உமக்கோ?"

அவள் சிவந்துபோய்ச் சிரித்தாள்.

"மீனுக்கு என்ன தண்ணி விடுறனீர்?" என்றான் தொட்டியைப் பார்த்து.

"எங்கட கிணத்துத் தண்ணிதான்."

"சவர்த் தண்ணியோ? பாவங்கள்!"

அவள் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனாள். தீவில் வீட்டுக்கு வந்தவருக்குக் கொடுப்பது நல்ல தண்ணீர், உப்புக் கரிக்கும் சவர் கழுவத்தான். தூரதேசத்து மீனுக்கும் அந்த மரியாதை வேண்டாமா? தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தது. தயாபரன் கானைச் சரித்து ஊற்றினான்.

அவள் திரும்பியபோது ஆண்மீன் மேலே வந்து வாயைப் பிளந்து தவித்தது.

"ஐயோ, என்ன செய்தனீங்கள்!"

"நல்ல தண்ணி... பவுசர் லொறியில வந்தது..."

"அதுக்குள்ள குளோரின் எல்லோ கிடக்கு, மீனுக்கு நஞ்சு!"

அவன் மழைக்குள் ஓடினான். வாளி வாளியாகக் கிணற்றில் அள்ளிவந்து தண்ணீரை மாற்றினான். முட்டைகள் தப்பின. பெண்மீன் தப்பியது. ஆண்மீனின் உயிர் அவன் உள்ளங்கையிலேயே அடங்கியது.

"இனி இந்தப் பக்கம் வராதேங்கோ," என்றாள் அவள்.

அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. வெட்கம்... படகுக்குப் போகும் வழி என்பதால் ஒவ்வொரு பின்னேரமும் தலைகுனிந்தபடி அந்த ஒழுங்கையைக் கடந்தான். அவளோ வாசல் படலைவரை வந்து, கூப்பிட மனம் வராமல் திரும்பினாள். 'மீனுக்காக அழுகிறேனா... அந்தக் கண்களுக்காகவா?'

குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய நாளில் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஊர்காவற்றுறைத் துறைக்கே போனாள். படகில் கால்வைத்தவன் திகைத்து இறங்கினான்.

"குஞ்சு பொரிச்சிட்டுது."

"தாய் தனியவோ காக்குது?" என்றான் அவன்.

"ஓம். தனியக் காக்கிறது அதுக்கு விதி..." அவள் கடலைப் பார்த்தாள். "எனக்கு அப்பிடி ஒரு விதியும் இல்லை. விருப்பமும் இல்லை."

"கஜானி... உம்மட முகத்தை மறக்க என்னால ஏலாமல் கிடக்கு."

"அப்ப ஏன் குனிஞ்சுகொண்டு போறனீங்கள்?"

படகு அவனை விட்டுவிட்டுப் போயிற்று.

உங்கள் வீட்டு வாசலிலும், பிள்ளையள், ஒரு சோடிச் செருப்புக்குப் பக்கத்தில் மற்றச் சோடி எந்நாளும் கிடக்கட்டும்.