ஒற்றை ரூபாய் இல்லாத மொய்

முதலில் வந்தது ஐந்நூறு ரூபாய். ஸ்ரீரங்கத்து வாடகை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்து மகளின் மாற்றுத் துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்த இளவரசன் போனை எடுத்துப் பார்த்தான். மண்ணச்சநல்லூர் சந்திரம்மாள் அத்தை அனுப்பியிருந்தாள். சாயங்காலத்திலிருந்து மாறி மாறிக் கூப்பிட்டும் எடுக்காத அத்தை. போனையே எடுக்காதவள் எதற்குப் பணம் அனுப்புகிறாள்?

காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வயது இளவேனில் டெங்குவில் கிடந்தாள். ஒன்பது மணிக்குள் ஐம்பதாயிரம் கட்டினால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். மனைவி ஜோதியைப் பிள்ளையின் பக்கத்தில் விட்டுவிட்டு, துணி எடுத்து வருகிறேன் என்று சாக்குச் சொல்லி இங்கே வந்திருந்தான். அவள் எதிரில் உட்கார்ந்து ஊராரிடம் கடன் கேட்டுக் கெஞ்ச அவனுக்கு வெட்கமாக இருந்தது.

சம்பளம் அன்று காலையில்தான் வந்தது. மத்தியானத்துக்குள் அதுவாகவே கிளம்பிப் போய்விட்டது. வண்டித் தவணை, சீட்டு, சேமிப்புத் திட்டம், மகளின் காலேஜ் செலவுக்கு ஒரு ஃபண்ட் என்று எல்லாவற்றையும் தேதி போட்டுத் தானாகப் போகும்படி வைத்த கெட்டிக்காரன் அவனேதான். 'நான் மறந்தாலும் என் போன் மறக்காது' என்று ஆபீஸில் மார்தட்டிய வாய் அது. சொந்தக்காரர்களுக்கு வைக்க வேண்டிய மொய்யைக்கூட விட்டுவைக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கல்யாணமோ சாவோ செய்தி விழுந்தால் போதும், போனே அனுப்பிவிடும். நல்லது கெட்டது எதற்கும் அவன் தலைகாட்டி நாலு வருஷமாகிறது. தலைகாட்டாதவன் அவசரத்துக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? ஒருவரும் எடுக்கவில்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. ஆயிரம். அடுத்து இருநூறு. அடுத்து ஜீயபுரம் காத்தமுத்து மாமாவிடமிருந்து ஐந்நூறு. இளவரசனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்? யாரோ விஷயத்தைக் காதில் போட்டிருக்கிறார்கள், ஆளாளுக்கு முடிந்ததை அனுப்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அழுகையோடு சிரிப்பும் வந்தது.

கொடியில் கிடந்த இளவேனிலின் கவுனை எடுக்க எழுந்தபோதுதான், இவ்வளவு நேரம் பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டிக் கேட்டுக்கொண்டிருந்த சீரியல் சத்தம் பாதி வசனத்தில் அறுந்ததையும், எதிர் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கப் போய் அடிக்காமலே அடங்கியதையும், தெருவில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்த இரண்டு பெண்கள் அவன் வாசலை நெருங்கியதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவசரமாகக் கடந்ததையும் கவனித்தான். கரண்ட் போகவில்லை, மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காற்றில் ஊதுவத்தி மணந்தது. இந்த வீட்டில் யாரும் ஊதுவத்தி ஏற்றவில்லை.

அவன் காத்தமுத்துவைக் கூப்பிட்டான். இந்த முறை எடுத்துவிட்டார்.

"மாமா, நீங்க அனுப்பின பணம் வந்துச்சு. இந்த உதவியை மறக்கவே மாட்டேன்."

"நான் எங்க மாப்ள அனுப்பினேன்? இப்பத்தான் வாழைக்குத் தண்ணி விட்டுட்டு வந்து காலைக் கழுவுறேன்."

"உங்க பேர்லதான் வந்திருக்கு மாமா. ஐந்நூறு."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"நீதானப்பா குரூப்ல வீடியோ போட்டுச் சொல்லிக்கொடுத்த. அதே மாதிரிதான் நாங்க எல்லாரும் வச்சிருக்கோம். மொய்யின்னா அதுவா போயிடும்." அவர் குரல் இறங்கியது. "ஐந்நூறா மாப்ள? ஐந்நூத்தியொண்ணு இல்லையா? வெறும் ஐந்நூறா?"

இளவரசன் போனைக் காதிலிருந்து எடுத்துத் தொகையை மறுபடி பார்த்தான்.

"மாப்ள, யாருக்கு என்ன ஆச்சு?"

கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மொய்யோடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்பார்கள், நல்லது மேலும் தொடரட்டும் என்று. துக்க வீட்டில் அந்த ஒற்றை ரூபாயை வைக்க மாட்டார்கள். அங்கே எதுவும் தொடரக் கூடாது. காத்தமுத்துவின் அப்பா இறந்தபோது இவனுடைய போன் அனுப்பியதும் வெறும் ஐந்நூறுதான். வைத்தது அப்படியே திரும்பி வந்திருக்கிறது.

குரூப்பைத் திறந்தான். காலையில் யாரோ போட்ட பூப்படம்தான் கடைசி. துக்கச் செய்தி எதுவும் இல்லை. போன் அதிர்ந்தது. ஆயிரம். மறுபடி அதிர்ந்தது. இரண்டாயிரம். ஒன்றிலும் அந்த ஒற்றை ரூபாய் இல்லை.

திருப்பி அனுப்பினான். அத்தைக்கு அனுப்பினான், மாமாவுக்கு அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தன. விரல்கள் வேர்த்து வழுக்கின. வேண்டாம், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னான். ஜோதியைக் கூப்பிட்டான்.

"பாப்பா எப்படியிருக்கு?"

"தூங்குதுங்க. காய்ச்சல் விட்டுருச்சு போல. கை காலெல்லாம் ஜில்லுனு இருக்கு." அவள் நிம்மதியாகத்தான் சொன்னாள். "பணம் கிடைச்சுதா? சீக்கிரம் வாங்க."

"ஜோதி, டாக்டரைக் கூப்பிடு. இப்பவே கூப்பிடு. ஓடு."

வந்திருப்பதையாவது ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடலாம். அழுத்தினான். கணக்கில் பணமில்லை என்றது போன். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் மொத்தமும் ஒரே தொகையாகப் போயிருந்தது. யாருக்கு என்று பார்த்தான். தெரியாத பெயர்.

பையைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கதவைத் திறந்தான். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள்.

"இளவரசன் சார் வீடு இதானுங்களா? ஃப்ரீசர் பாக்ஸ் கொண்டாந்திருக்கோம்."

"நான் எதுவும் சொல்லலை. எடுத்துட்டுப் போங்க. எடுத்துட்டுப் போங்கய்யா!"

"பணம் இப்பத்தான் வந்துச்சுங்க. அட்ரஸும் இதான்." துக்கத்தில் கத்துகிறவர்களைப் பார்த்துப் பழகிய முகம் அது. "சின்ன சைஸ்தானே சார் போட்டிருந்தீங்க?"

 அவனைத் தாண்டிப் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்கள். கூடத்தின் நடுவில், தெற்கு வடக்காக வைத்தார்கள். ஒயரைச் செருகினார்கள். சாவு வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. அவர்கள் சொல்லாமலே போனார்கள்.

பெட்டி உறுமியது. இளவரசன் பாய்ந்து ஒயரைப் பிடுங்கினான். ஒயர் கையில் இருந்தது. உறுமல் நிற்கவில்லை. மூடியை இழுத்தான். அசையவில்லை. முட்டியால் இடித்தான். தோளால் இடித்தான்.

கண்ணாடிக்குள்ளே யாரும் இல்லை. வெறும் தகடு.

ஆனால் தலைமாட்டுப் பக்கம், உள்புறத்தில், கண்ணாடி மங்கியது. சின்னதாக ஒரு வட்டம். தெளிந்தது. மறுபடி மங்கியது. மூச்சு.

"பாப்பா," என்றான். "அப்பா இங்கதான்டா இருக்கேன்."

தரையில் விழுந்து கிடந்த போன் அடித்தது. ஜோதி. அவன் எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். வட்டம் மங்கியது. தெளிந்தது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடச் சின்னதாக வந்தது.