ஒரு ரூபாய் வீடுகள்

காலையில் பல் துலக்குவதற்கு முன்பே மேக்தலின் தன் வீட்டின் விலையை ஏற்றிவிடுவாள். வலைக்காரத் தெருவில் எல்லோருக்கும் அதே வழக்கம்தான். கைத்திரையில் ஏலப்பதிவைத் திறந்து, நேற்றைய விலையை அழித்துக் கொஞ்சம் கூட்டிப் போட்ட பிறகுதான் அடுப்பு எரியும்.

கடல் ஏறிய காலத்தில் வந்த சட்டம் அது. கரையோர வீடுகள் எல்லாம் இணைய ஏலத்தில் இருந்தே தீர வேண்டும். 'விலையிறங்கி' என்ற நிரல் தினமும் விலையைக் குறைத்துக்கொண்டே வரும். அடிமட்டத்தைத் தொட்ட வீட்டைப் பொழுது சாய்ந்ததும் கரைவளம் கம்பெனி எடுத்துக்கொள்ளும். விற்பவர் தன் கையால் விலையை மாற்றினால் மட்டும் அன்றைக்கு இறக்கம் நிற்கும். அந்த ஓட்டையில்தான் தெரு பிழைத்துக் கிடந்தது. கடல்சுவர் எழும்பி, தெருவுக்குள் தண்ணீர் வருவது எப்போதோ நின்றுவிட்டது. சட்டம் மட்டும் போகவில்லை. கம்பெனிக்கு மிதக்கும் விடுதிகள் கட்டக் கரை வேண்டியிருந்தது.

ஒரு நாள் முற்பகலில் கம்பெனி அதிகாரி விக்னராஜ் வந்தார். மேக்தலினின் படகு பேட்டரிப் பட்டறை முன்னால் தெரு கூடியது.

"விதி மாறிடுச்சு. இனிமே விலையை ஏத்த முடியாது. இறக்க மட்டும்தான் முடியும். விலையிறங்கியும் நிக்காது" என்றார்.

மேக்தலின் கையிலிருந்த எண்ணெய்க் கறையைத் துடைத்தபடி கேட்டாள்: "எவ்ளோ இறக்கலாம் சார்?"

"உங்க இஷ்டம்மா. ஒரு ரூபாய்க்குக்கூடப் போடுங்க."

"யார் வேணா வாங்கலாமா?"

"பொழுது சாயற வரைக்கும் யார் வேணா வாங்கலாம்."

"வாங்குன வூட்ட மறுபடி ஏலத்துக்கு இழுப்பீங்களா?"

"பத்து வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. வாங்கறவங்களுக்குப் பாதுகாப்பு" என்றார் அவர். அந்தப் பாதுகாப்பைத் தனக்காகக் கேட்டு வாங்கியதே கம்பெனிதான்.

அவர் போனதும் மேக்தலின் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். தனபாக்கியத்துக்கும் அவளுக்கும் சாக்கடைத் தகராறில் பேச்சு நின்று பல வருடம் ஆகியிருந்தது.

"உன் வூட்ட ஒரு ரூபாய்க்குப் போடு. நான் வாங்கிக்கறேன். என்னுத நீ வாங்கிக்க."

தனபாக்கியம் கதவைப் பிடித்தபடியே நின்றாள். "அப்பால நீ என்ன தொரத்திவுட்டா?"

"நீயும் என்ன தொரத்தலாமே."

"எனக்கு உன்னக் கண்டாலே ஆவாது."

"எனக்கும்தான். கம்பெனியக் கண்டா அதவிட ஆவாது."

தனபாக்கியம் வழி விட்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து கைத்திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். விலை இறங்கிய நொடியில் எந்த ஊரிலிருந்தோ யாராவது தட்டி வாங்கிவிட்டால் வீடு போய்விடும். "போடுடி" என்றாள் தனபாக்கியம். போட்டார்கள். வாங்கினார்கள். திரையில் பெயர்கள் இடம் மாறின.

பிறகு தெருவே வாசலுக்கு வாசல் அப்படிச் செய்தது. பொழுது சாய்ந்தபோது கம்பெனி எடுப்பதற்கு அங்கே ஒரு வீடும் இல்லை.

மறுநாள் விக்னராஜ் சிவந்த முகத்தோடு மேக்தலின் முன் வந்து நின்றார். "புரியாம பண்ணிட்டீங்க. உங்க வீடு இப்ப அவங்களுது. நாளைக்கே அவங்க வெளிய போன்னு சொன்னா என்ன செய்வீங்க?"

இரவெல்லாம் மேக்தலினைத் தூங்க விடாத கேள்வி அதுதான். அவள் பக்கத்தில் நின்ற தனபாக்கியத்தைத் திரும்பிப் பார்த்தாள். தனபாக்கியம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை.

"அவ சொன்னா போவேன்" என்றாள் மேக்தலின். "நீ சொல்லி போவ மாட்டேன்."