அப்பா பார்த்த இரண்டு வாலாட்டிகள்

காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடம் விடுப்பு கொடுக்கும். பறவைக் கணக்கெடுப்பு கொடுக்காது. சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் ஏழேகால் வரை ஜன்னலில் இருந்தே ஆகவேண்டும். வெயிலோ, மழையோ, குளிரோ, வருஷம் முழுக்க அதே ஜன்னல், அதே கால் மணி நேரம். அறிவியல் டீச்சர் வகுப்புக்கு வைத்த விதி அது.

அந்தச் சனிக்கிழமை வாண்டு போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அவளுக்குப் பதிலாக அவள் அப்பா நோட்டோடு ஜன்னலில் உட்கார்ந்தார். அவர் தையல்காரர்.

திங்கட்கிழமை, நோட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாண்டு டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சரின் முகம் மலர்ந்தது.

"வாலாட்டி ரெண்டு! இந்தக் குளிருக்கு முதல்ல பாத்தது நீதான்!"

குளிர் தொடங்கும்போது எங்கிருந்தோ வந்து, வெயில் ஏறியதும் கிளம்பிவிடும் பறவை அது. பலகையில் வாண்டுவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஏறியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

மாலையில் நேராகத் தையல் கடைக்கு ஓடினாள்.

"அப்பா, ரெண்டும் எங்க இருந்துச்சு?"

"எதிர்வீட்டு மாடியிலதான்." அப்பா மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வாலை எப்படி ஆட்டிச்சு?"

"எப்படின்னா... இப்படியும் அப்படியும். நாய் ஆட்டுமே, அந்த மாதிரி."

வாலாட்டி வாலை மேலும் கீழும்தான் ஆட்டும். வாண்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அப்பா, நீங்க பாக்கவே இல்ல."

மெஷின் நின்றது.

"வாலாட்டி ஒண்ணுகூட வரலைம்மா. காய்ச்சல்ல கிடக்கிற பொண்ணோட நோட்டுல பூஜ்யம்னு சுழி போட மனசு வரல. போன வருஷப் பக்கத்தைப் பாத்து எழுதிட்டேன்."

"வராத வாரம் சுழி போட்டாத்தான்ப்பா அது எந்த வாரம் வந்துச்சுன்னு தெரியும்!"

அப்பா தலையைச் சொறிந்தார். "அளவெடுக்காமலே சட்டை தச்சுட்டேன் போலிருக்கே. நான் வந்து டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நோட்டு என்னோடது. நானே சொல்றேன்."

மறுநாள் நட்சத்திரத்தைப் பார்த்ததும் வாண்டுவுக்கு அழுகை வந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டாள்.

"டீச்சர், அந்த ரெண்டும் பாத்து எழுதினது இல்ல. சுழின்னு மாத்திடுங்க."

"அப்போ யார் எழுதினது?"

"ஒரு டெய்லர், டீச்சர்."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நட்சத்திரத்தை அழித்தார். அழிக்கும்போது வாண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவும் மகளும் சேர்ந்தே உட்கார்ந்தார்கள். காகம் நான்கு. மைனா மூன்று. வாலாட்டியைக் காணோம். நேரம் முடிந்தது.

வாண்டு பெருமூச்சு விட்டுப் பென்சிலைத் தேடி எடுத்தாள். அப்போது எதிர்வீட்டு மாடியில் ஒன்று வந்து இறங்கியது. அதன் வால் மேலும் கீழும், மேலும் கீழும் ஆடியது.

"அப்பா! வந்துடுச்சு!"

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு நிமிஷம் தாண்டிடுச்சேம்மா," என்றார் பரிதாபமாக. "சுழியே போடு."

வாண்டு சிரித்துக்கொண்டே சுழி போட்டாள். வாலாட்டி பறந்து போகும்வரை இருவரும் ஜன்னலை விட்டு எழவில்லை. அன்று தையல் கடை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் திறந்தது.