இருநூற்றேழில் படுக்காத ஆள்

ரூம் அக்கா அன்று லாண்டரிக்குள் நுழைந்தபோது தோளில் அழுக்கு மூட்டை இல்லை. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம் மட்டும் இருந்தது. லாண்டரிக்காரம்மா அதைப் பார்த்ததும் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார்.

“சொல்லு.”

“என்னைத் துரத்தப் போறாங்கம்மா.”

பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற மூன்று மாடி ஓட்டலில் அறை பெருக்கி, மெத்தை விரித்து, கழிவறை தேய்க்கிறவள் அவள். ஒரு ஷிப்டுக்குப் பதினாறு அறை. ஒவ்வொரு மெத்தையையும் நாலு மூலையிலும் தூக்கி விரிப்பைச் செருக வேண்டும். ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் கம்பெனியின் ஓட்டல்களில் இதுதான் மலிவான ரகம். மலிவான ரகத்தில் ஆளைத்தான் குறைப்பார்கள், வேலையைக் குறைக்க மாட்டார்கள்.

இஸ்திரி மேஜைக்குப் பின்னாலிருந்து லாண்டரிக்காரம்மாவின் கொழுந்தன் எட்டிப் பார்த்தார். நாற்பது தாண்டியவர். எதற்கெடுத்தாலும் புஸ்ஸென்று கிளம்புவதால் தெருவே அவரை ஸ்டீமு என்றுதான் கூப்பிடும். காகிதத்தை வாங்கிக் கோர்ட்டில் வாசிக்கிற மாதிரி வாசித்தார்.

“இந்த மாதம் எட்டு நாட்களில், ஆள் தங்கிய அறைகளைவிட லாண்டரிக்குப் போன விரிப்பு ஒரு செட் குறைவு. பயன்படுத்திய விரிப்பை மாற்றாமல் அடுத்தவருக்கு விட்டிருக்கிறீர்கள். இருபத்தெட்டாம் தேதி மாலைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர்கள்.” நிமிர்ந்தார். “இன்னிக்கே இருபத்தாறு.”

“வேலை போறது ஒரு பக்கம்,” என்றாள் ரூம் அக்கா. “ஒருத்தன் படுத்து எழுந்த விரிப்பைத் தட்டிப் போட்டவன்னு பேர் வந்துட்டா, இந்த ஊர்ல எந்த ஓட்டல்ல என்னைச் சேப்பாங்க? வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன்.”

லாண்டரிக்காரம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “உட்காரு. மாத்தினியா, மாத்தலையா?”

“மாத்தல.”

ஸ்டீமு வாயைத் திறந்தார். அண்ணி ஒரு பார்வை பார்க்க, மூடிக்கொண்டார்.

“எட்டு நாளும் ஒரே ரூம்மா. இருநூத்தியேழு. லிஃப்டுக்குப் பக்கத்துல இருக்கே, ராத்திரி பூரா கடகடன்னு சத்தம் கேக்குமே, அதான். காலையில கதவைத் திறந்தா நான் முந்தின நாள் விரிச்ச விரிப்பு அப்படியே இருக்கு. தலையணையில ஒரு குழிகூட இல்ல. சோப்புக் காகிதம் பிரிக்கல. கதவுக் கார்டு மட்டும் மேஜையில. படுக்காத மெத்தையை எதுக்கு உருவணும்? முட்டி இருக்கிற லட்சணத்துல ஒரு மெத்தை மிச்சமானா சரின்னு விட்டுட்டேன்.”

“மேனேஜர்கிட்ட இதைச் சொன்னியா?”

“சொன்னேன். காசு கட்டியிருக்கான், கார்டு போட்டுக் கதவைத் திறந்தது கம்ப்யூட்டர்ல இருக்கு, அப்புறம் ராத்திரி பூரா நின்னுக்கிட்டா இருந்தான்னு கேக்கறார். அந்த ஆளுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்க சார்னேன். நம்ம கம்பெனில மெம்பரா இருக்கிறவரைக் கூப்பிட்டு நீங்க தூங்கினீங்களான்னு கேக்கச் சொல்றியா, என் வேலையும் போகவான்னு கத்தினார்.”

“அண்ணி, எனக்குப் புரிஞ்சிருச்சு,” என்றார் ஸ்டீமு. “கடத்தல். அந்த ரூம்ல எதையோ ஒளிச்சு வைக்கிறான்.”

“தினம் பெருக்கறவளுக்குத் தெரியாமலா?”

“அப்போ ரிசப்ஷன்ல பொய்க் கணக்கு. ஆளே வரல, வந்ததா எழுதியிருக்காங்க.”

“வராத ஆள் எப்படித் தம்பி கதவைத் திறப்பான்? அந்தச் சட்டையைப் பாருங்க, கருகப் போகுது.”

லாண்டரிக்காரம்மா தன் நோட்டை எடுத்தார். எந்த ஓட்டலிலிருந்து என்றைக்கு எத்தனை உருப்படி என்று பதினொரு வருடமாக எழுதி வருகிற நோட்டுகளில் ஒன்று. கடிதத்தில் இருந்த தேதிகளை விரலால் தேடினார். மூன்று, ஐந்து, எட்டு, பத்து, பதின்மூன்று, பதினாறு, இருபது, இருபத்துமூன்று.

“விரிப்பு ஒரு செட் குறையுது, சரி. அதே எட்டு நாளும் டவலும் ரெண்டு ரெண்டு குறையுது.”

“அப்போ டவலையும் திருடிட்டாங்கன்னு சொல்வாரே மேனேஜர்,” என்றார் ஸ்டீமு.

“ஸ்டோர்ல எண்ணிப் பாத்தாரா?”

“நேத்துதாம்மா எண்ணினார். ஒண்ணுகூடக் குறையல. கையெழுத்தும் போட்டார்.”

லாண்டரிக்காரம்மா நோட்டை மூடினார். “போய் வேலையைப் பாரு. நாளைக்கு நான் வரேன்.” மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. ரூம் அக்காவுக்கு இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த அம்மா தேதிகளை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சேலை முந்தியில் முடிந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை, துவைத்த மூட்டையை இறக்குகிற சாக்கில் இருவரும் ஓட்டலுக்கு வந்தார்கள். ரூம் அக்கா முன்கூடத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். லாண்டரிக்காரம்மா ரிசப்ஷன் பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தார்.

“இருநூத்தியேழுக்கு வர்ற ஆள் எப்படிம்மா?”

“தொந்தரவே இல்லாத மனுஷன்மா. சாயங்காலம் ஆறரை ஏழுக்கு வருவார். கையில ஹெல்மெட் மட்டும். காசு கட்டிட்டுக் கார்டு வாங்கிட்டுப் போவார். எப்பவும் இருக்கறதிலேயே விலை கம்மியான ரூம்தான். ஒரு நாள் அதே விலையில மூணாவது மாடி ரூம் தரேன், ஜன்னல் இருக்கு, சத்தம் இருக்காதுன்னேன். எதுவா இருந்தா என்னம்மா, அதையே குடுன்னுட்டார்.”

“வேற ஏதாவது கேப்பாரா?”

“ஒண்ணே ஒண்ணு. என் மெம்பர் நம்பர் ஏறிடுச்சான்னு பாரும்மான்னு ஒவ்வொரு தடவையும் கேப்பார். ஏறிடுச்சு சார்னு சொன்னாத்தான் நகர்வார்.”

“காலையில எத்தனை மணிக்குப் போவார்?”

அந்தப் பெண் யோசித்தாள். “நான் பாத்ததே இல்லையே. பின்பக்கப் படி வழியா வண்டி நிறுத்தற இடத்துக்குப் போயிடலாம்.”

லாண்டரிக்காரம்மா திரும்பி நடந்தார். ரூம் அக்கா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிச் சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். அதற்குள் கம்பெனியின் விளம்பரம் ஒன்று ஒட்டியிருந்தது. இரண்டு மாதமாக ரூம் அக்கா தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் படித்ததில்லை. லாண்டரிக்காரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது வரைக்கும் படித்தார். பிறகு முந்தியிலிருந்த சீட்டைப் பிரித்து விரல் விட்டு எண்ணினார்.

“இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வருவார்,” என்றார். “நாளைக்கு விட்டா வரவே மாட்டார்.”

“எப்படிம்மா சொல்றீங்க?”

“வந்தப்புறம் சொல்றேன். தப்பாப் போச்சுன்னா சொல்லாததே நல்லது.”

அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. ஏழரை மணிக்கு மேனேஜர் அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தார். முன்கூடத்தில் நின்றிருந்த மூவரையும் பார்த்தார். “லாண்டரிக்கு இங்க என்ன வேலை?” என்றார். பதில் வருவதற்குள் ரூம் அக்காவிடம், “நாளைக்குச் சாயங்காலம். ஞாபகம் இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு ரூம் அக்கா, கூட்டுகிற வேலைக்காவது இனி யார் தன்னைச் சேர்த்துவிடுவார்களென்று மனசுக்குள் பட்டியல் போட்டபடி படுத்திருந்தாள்.

இருபத்தெட்டாம் தேதி மாலை ஆறு மணிக்கு லாண்டரிக்காரம்மா நேராக மேனேஜரின் அறைக்குள் போனார். பின்னால் ஸ்டீமு, அவருக்குப் பின்னால் ரூம் அக்கா.

“சார், விளக்கம் கேட்டீங்களே. அதுக்குத்தான் வந்தோம். அஞ்சு நிமிஷம் ரிசப்ஷனுக்கு வாங்க.”

மேனேஜர் வாட்சைப் பார்த்துக்கொண்டே வந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மேலிடத்திலிருந்து வாங்குகிற திட்டைக் கீழே இறக்கி வைக்கிறவர்.

“படுத்து எழுந்த விரிப்பை ஒருத்தி நினைச்சா நீவிப் போடலாம்,” என்று தொடங்கினார் லாண்டரிக்காரம்மா. “சரியா விரிச்சா கண்டுபிடிக்க முடியாது. ஆனா குளிச்சுத் துடைச்ச டவலை நீவிப் போட முடியுமா சார்? ஈரம் காட்டிக் குடுத்துரும். வேலைக்குச் சோம்பல் பட்டவ விரிப்பை வேணா விட்டிருப்பா, டவலை எனக்கு அனுப்பித்தான் ஆகணும். அந்த எட்டு நாளும் டவலும் எனக்கு வரல. ஸ்டோர்லயும் குறையல, நீங்களே எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ அது ரூம்லயே மடிப்புக் கலையாம இருந்திருக்கு. அந்த ஆள் குளிக்கல, மூஞ்சிகூடக் கழுவல. சோப்பும் பிரிக்கல.”

“குளிக்காமப் படுத்திருப்பான்.”

“ஒரு நாள் இருக்கலாம். எட்டு நாளுமா? பை இல்லாம, மாத்துத் துணி இல்லாம? காலையில அவர் கிளம்பி யாரும் பாத்ததில்ல. ஏன்னா அவர் முந்தின நாள் சாயங்காலமே போயிடறார்.”

“எதுக்கு? காசு கட்டி ரூம் எடுத்துட்டு எவனாவது படுக்காமப் போவானா?”

லாண்டரிக்காரம்மா கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார்.

“நீங்க ஒட்டினதுதான் சார். இந்தத் தேதிக்குள்ள பத்துத் தடவை தங்கின மெம்பருக்கு, எந்த ஊர்க் கிளையா இருந்தாலும் அஞ்சு ராத்திரி சும்மா தங்கற அளவுக்குப் பாயின்ட். பத்துத் தடவையும் எந்தக் கிளையில வேணா இருக்கலாம், எந்த ரூம்ல வேணா இருக்கலாம். பெரிய ஓட்டலும் ஒரு தடவைதான், உங்க லிஃப்ட் ஓர ரூமும் ஒரு தடவைதான். கணக்குத் தெரிஞ்சவன் எங்க போவான்? இருக்கறதிலேயே மலிவான இடத்துக்கு வருவான். அங்க ஜன்னல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அவனுக்கு வேணும்கிறது நம்பர் ஏறணும், அவ்வளவுதான்.”

ஸ்டீமு தொடையில் தட்டிக்கொண்டார். “அதான் அந்தக் கேள்வி.”

“தேதியைப் பாருங்க. ரெண்டு நாள் சேந்தாப்ல அவர் வந்ததே இல்ல. கீழ சின்ன எழுத்துல போட்டிருக்கு. தொடர்ந்து தங்கினா எத்தனை ராத்திரியானாலும் ஒரு தடவைன்னுதான் கணக்கு. அதனால நடுவுல ஒரு நாள் விட்டு விட்டு வரார். எட்டு ஆச்சு, இன்னும் ரெண்டு. முப்பதாம் தேதியோட ஆஃபர் முடியுது. நடுவுல ஒரு நாள் விடணும்னா ஒன்பதாவது இன்னிக்கே முடிஞ்சாகணும்.”

“இன்னிக்கு வரலைன்னா?”

“வரலைன்னா நான் சொன்னது தப்பு. வந்தா, கையில ஹெல்மெட் மட்டும் இருக்கும். நம்பர் ஏறிடுச்சான்னு கேப்பார். கால் மணி நேரத்துல பின்பக்கப் படியில இறங்குவார்.”

ஆறரை ஆனது. ஆறே முக்கால் ஆனது. ஒரு குடும்பம் நாலு பெட்டியோடு வந்து போனது. ரூம் அக்கா கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். ஏழுக்கு மேனேஜர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலோடு சேர்ந்து வாசல் கண்ணாடிக் கதவு திறந்தது.

ஐம்பது வயதிருக்கும். விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறை. வீல் பொருத்துகிற பட்டறைக்காரர் என்று பிறகு தெரிந்தது. கையில் ஹெல்மெட். காசைக் கட்டினார், கார்டை வாங்கினார்.

“என் மெம்பர் நம்பர் ஏறிடுச்சான்னு பாரும்மா.”

ஸ்டீமு தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டார்.

பன்னிரண்டாவது நிமிடம் அந்த மனிதர் பின்பக்கப் படியில் இறங்கி வந்தார். கீழே நாலு பேர் நின்றிருந்ததைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“சார், எதுவும் தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் மேனேஜர், தொழில் குரலில். “நீங்க ரூம்ல தங்கறது இல்லையா?”

“வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் சார்.” அவர் ஹெல்மெட்டைக் கைமாற்றினார். “என் வீட்டுக்காரிக்கு முட்டி ஆபரேஷன். பெரிய ஊர்ல. முடிஞ்சு அஞ்சு நாள் தினமும் ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிட்டுப் போய்ப் பயிற்சி குடுக்கணும்னாங்க. எதிர்வாசல்லயே உங்க கிளைதான் இருக்கு. அங்க ஒரு ராத்திரிக்குக் கேக்கற காசுல இங்க அஞ்சு ராத்திரி வரும். பத்து நாள் இங்க கட்டிட்டா அங்க அஞ்சு நாள் சும்மா. கணக்குப் போட்டுப் பாத்தேன், பாதிக்கும் கம்மி. படுக்காததைச் சொன்னா பாயின்ட்டை வெட்டிருவீங்களோன்னு சொல்லல.”

“பதிவு பண்ணி, காசு கட்டி, கதவைத் திறந்தா ஒரு தடவைன்னுதான் அந்தக் காகிதத்துல இருக்கு,” என்றார் லாண்டரிக்காரம்மா. “மேனேஜர் சாரும் படிச்சிருப்பார்.”

மேனேஜர் படித்தவர் மாதிரி தலையாட்டினார்.

ரூம் அக்காவுக்கு ஒன்று மட்டும் கேட்டாக வேண்டியிருந்தது. “அண்ணே, தெரியக் கூடாதுன்னு நினைச்சவர் மெத்தையைக் கொஞ்சம் கலைச்சுட்டுப் போயிருக்கலாமே. ஏன் அப்படியே விட்டீங்க?”

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த துணியையும் பார்த்தார்.

“மொத நாள் கலைக்கத்தான் போனேம்மா. மூலையெல்லாம் அவ்வளவு இழுத்துச் செருகியிருந்துச்சு. யாரோ ஒரு ஆள் குனிஞ்சு நிமிந்து செஞ்ச வேலை. படுக்காத மெத்தையைக் கலைச்சு எதுக்கு இன்னொரு தடவை அவங்களைக் குனிய வைக்கணும்னு விட்டுட்டேன்.”

ஸ்டீமு சிரித்துவிட்டார். “நீங்க பாத்த தயவுல அக்கா சீட்டே கிழிய இருந்துச்சு.”

விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதர் பதறிப்போனார். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். ரூம் அக்கா, “விடுங்கண்ணே, நல்லபடியா நடக்க வைங்க அவங்களை. நாளை மறுநாள் பத்தாவதுக்கு வருவீங்கல்ல, அன்னிக்கு மட்டும் ஒரு டவலை நனைச்சுப் போட்டுட்டுப் போங்க, எனக்குப் பாதுகாப்பு,” என்றாள். அவர் போனபின் மேனேஜர் காகிதத்தைக் கேட்டு வாங்கிக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க சார்,” என்றாள் அவள். “உங்ககிட்ட நகல் இருக்கும். இதுலயே கீழ எழுதுங்க. விசாரிச்சோம், இவங்க மேல தப்பு இல்லைன்னு. கையெழுத்தும் தேதியும்.”

“படுக்கலைன்னாலும் விரிப்பை மாத்தணும்கிறது ரூலு,” என்றார் மேனேஜர், விட்டுக்கொடுக்காமல்.

“அது வாஸ்தவம்,” என்றார் லாண்டரிக்காரம்மா. “இனிமே மாத்து. முட்டிக்காக ரூலை மீறினா இப்படித்தான் வந்து நிக்கும்.”

“மாத்தறேன். நீங்க எழுதுங்க சார்.”

மேனேஜர் ரிசப்ஷன் மேஜையில் குனிந்து எழுதினார். எழுதியதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தேதி விட்டுப்போயிருந்தது, போடச் சொன்னாள். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். முன்கூடத்தில் விருந்தினருக்குப் போட்டிருந்த சோபாவில், வேலைக்காரர்கள் உட்காரக் கூடாத அந்தச் சோபாவில், அவள் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு போன் வந்தவர் மாதிரி உள்ளே போய்விட்டார்.

“எந்திரிக்கலாமா?” என்றார் லாண்டரிக்காரம்மா, கொஞ்சம் பொறுத்து.

“இருங்கம்மா,” என்றாள் ரூம் அக்கா. “நல்லா மெத்துன்னு இருக்கு.”